பதினோரு பழைய தப்புகளும் ஒரு புதுத் தப்பும்

போன மாசம் கவிதா போன் செய்தாள். "அக்கா, நம்ம ஆறு ஆட்டமும் மறுபடி வந்துட்ச்சிங்க்கா. இந்தத் தடவை கட்டையே கெடையாது. நெட்லேர்ந்து அப்படியே டீவிக்குள்ள எறங்கிடுது" என்றாள். பிள்ளை பெற்றவளுக்கு இருக்கிற சந்தோஷம் அவள் குரலில் இருந்தது. நான், "கட்டை இல்லாம என்னத்த டெஸ்ட் பண்ணுவாக?" என்று கேட்டேன். எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

கவிதா இப்போது போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனியில் தரப்பிரிவுக்குத் தலைவி. ஒரு நாள் நான் அங்கே வர வேண்டும், தன்னிடம் வேலை செய்யும் பெண்களைப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் நம் கதையைக் கம்பெனி மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று ஒரே மூச்சில் உத்தரவு போட்டாள். இத்தனை வருஷ வேலையில் நான் எழுதியதெல்லாம் "ரிஜெக்ட், காரணம் இன்னது" என்ற ஒரு வரிதான். ஒரு வரிக்காரி கையில் வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டாள். நீளமாகப் போனால் அவளைத் திட்டுங்கள்.

என் பெயர் பேச்சியம்மாள். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. கல்யாணமான கையோடு வீட்டுக்காரருக்கு ஓசூரில் லேத் வேலை கிடைத்தது. ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர் வீட்டில் தெலுங்கு, கடைக்காரர் மூன்றும் கலந்து பேசுவார். எனக்கு என் ஊர்த் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. கத்திப் பேசினால் எல்லோருக்கும் புரியும் என்று கண்டுகொண்டேன், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. டார்ச் லைட் கம்பெனியில் கொஞ்ச காலம், டெலிபோன் கருவி செய்யும் இடத்தில் கொஞ்ச காலம். பார்க்கிற வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது என்பதைத் தவிர அங்கெல்லாம் பெரிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து இந்த விளையாட்டுக் கட்டைக் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுக்கு மூத்தவளாகச் சேர்ந்தேன்.

கட்டை என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புப் பெட்டி. மேலே ஒரு குச்சி, பக்கத்தில் நான்கு பொத்தான், பின்னால் மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு வயர். வயரை டீவியில் சொருகினால் ஆட்டம் ஓடும். அதற்குள் ஆறு ஆட்டங்கள். ஆறும் வெளிநாட்டில் இருபது வருஷத்துக்கு முன்னால் ஓடிய சினிமாக்களை வைத்து அந்தக் காலத்தில் செய்தவை. சின்ன வயதில் அவற்றை விளையாடியவர்கள் வளர்ந்து பெரிய ஆட்களாகிவிட்டார்கள். அவர்களுக்காக ஆறையும் ஒரே கட்டையில் அடைத்து மறுபடி விற்றார்கள். ஆட்டம் அவர்களுடையது, கட்டையைச் செய்வது நாங்கள்.

அந்த ஆறு படத்தில் ஒன்றைக்கூட எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆட்டத்தின் பெயர் எல்லாம் வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்தோம்: பாலம், பேய் வீடு, கப்பல், லிஃப்ட், பைலட், திருடன். படத்தின் கதையையும் சாப்பாட்டு நேரத்தில் நாங்களே கட்டிக்கொண்டோம். பாலத்து ஆட்டத்தில் தொப்பி போட்ட ஒருவன் உடைந்த மரப்பாலத்தைத் தாவித்தாவிக் கடப்பான். அந்தப் பக்கம் ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு நிற்பாள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்டாட்டியை அழைத்துவரப் போகிறான் என்பது எங்கள் முடிவு. மாமியார் வீட்டுக்குப் போகிறவன் கையில் ஒரு பழம்கூட இல்லாமல் போகிறானே என்று ஒருத்தி வாரக்கணக்கில் வருத்தப்பட்டாள்.

டெஸ்ட் செய்யும் முறையைச் சொல்கிறேன். கட்டையைக் காதருகே வைத்து ஆட்ட வேண்டும், உள்ளே திருகாணி உருண்டால் சத்தம் வரும். பிறகு வயரைச் சொருகிக் குச்சியை எட்டுத் திசையும் சுற்ற வேண்டும், திரையில் புள்ளி கூடவே சுற்ற வேண்டும். நான்கு பொத்தானும் ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். ஆறு ஆட்டத்தையும் திறந்து பாட்டு வருகிறதா என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு உயிர் போகும்வரை ஆட வேண்டும். இருபது கட்டைக்கு ஒன்றை எடுத்துப் பாலத்து ஆட்டத்தை மூன்றாம் கட்டம்வரை முழுசாக ஆட வேண்டும். அங்கே பலகை ஓரத்தில் சரியாகத் தாவினால்தான் பிழைப்பான். எல்லாம் சரியென்றால் அட்டையில் அவரவர் நம்பர் ஸ்டாம்ப். என் நம்பர் ஏழு.

இதற்கு மேல் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டக்காரக் கம்பெனி எங்களுக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தது. பழைய ஆட்டத்திலேயே இருந்த பதினோரு தப்புகளின் பட்டியல். பாலத்து ஆட்டத்தில் ஏணி ஏறும்போது தொப்பிக்காரனின் கால் மறைந்து மறைந்து தெரியும். பேய் வீட்டில் ஒரு கதவைத் திறந்தால் பாட்டு பாதியில் நின்று மறுபடி தொடங்கும். இப்படிப் பதினொன்று. அவை கட்டாயம் இருக்க வேண்டுமாம். நான் முதல் நாளே தாளைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போய், தப்பைத் திருத்தாமல் விற்கிறார்களே, இது என்ன வியாபாரம் என்று கேட்டேன்.

மேனேஜர் நாகராஜப்பா மாலூர்ப் பக்கத்துக்காரர். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எப்போதும் முழுக்கைச் சட்டை, பையில் பச்சை மசிப் பேனா. புதுச் சரக்கு வந்தால் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொரு பொத்தானாகத் தடவிப் பார்ப்பார். ஆனால் ஒரு நாளும் ஆட்டம் ஆடமாட்டார். நாங்கள் ஆடும்போது பின்னால் கண்ணை மூடி நின்று சத்தத்தை மட்டும் கேட்பார். அன்று என்னிடம், "நோடிம்மா, விளையாடினவங்களுக்கு அந்தத் தப்புதான் ஞாபகம். அது இல்லேன்னா இது வேற ஆட்டம்னு சொல்லிடுவாங்க" என்றார். அதன் பிறகு தப்பு இருந்தால் பாஸ், தப்பு இல்லாவிட்டால் ரிஜெக்ட் என்று நாங்கள் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தோம்.

அவரிடம் ஒரு கண்டிப்பு. "சார், இது சரியில்லைன்னு தோணுது" என்று போய் நிற்க முடியாது. தோணுவதையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்வார். எத்தனை தடவை பார்த்தாய், என்ன பார்த்தாய், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வரும். கத்தவும் முடியாது, அவர் கத்தமாட்டாரே.

எனக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள், எல்லோரும் காண்ட்ராக்ட். அதில் கவிதா கல்லாவி ஊர்க்காரி. ஓசூரில் நான்கு பெண்களோடு ஒரு அறையில் தங்கியிருந்தாள். மெலிந்த கை, மின்னல் விரல். பாலத்தில் அவள் விழுந்து யாரும் பார்த்ததில்லை, விழாதவள் என்று என்னைத் தவிர இன்னொருத்தியைச் சொல்ல வேண்டுமென்றால் அவள்தான். அந்த வருஷம் ஒரு பெரிய சரக்கு போக வேண்டியிருந்தது. அது நல்லபடியாகப் போனால் மூன்று பேரை நிரந்தரம் ஆக்குவதாக மேலே இருந்தவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் பெயர் கவிதா. போகாவிட்டால் மாசக் கடைசியோடு பன்னிரண்டு பேருக்கும் காண்ட்ராக்ட் முடிந்தது.

அந்த நேரம் பார்த்து எனக்கு அம்மை போட்டது. மூன்று தண்ணி ஊற்றி முடிகிறவரை வாசலில் வேப்பிலையும் உள்ளே நானுமாகக் கிடந்தேன். இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தேன். முதல் தட்டில் ஒரு கட்டையை எடுத்து முழு ஆட்டம் ஆட உட்கார்ந்தேன். மூன்றாம் கட்டம், பலகை ஓரம், தாவினேன். விழுந்தான். மறுபடி ஆடினேன், விழுந்தான். மூன்றாவது தடவையும் விழுந்தான். பின்னால் சிரிப்பு. அக்காவுக்கு அம்மை முகத்தோடு நிற்காமல் கைக்கும் இறங்கிவிட்டது என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூத்தவள் என்ற பெயரே அந்தப் பாலத்தால் வந்தது. கை போய்விட்டால் நான் யார்?

கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆறுதலாகச் சொன்னாள். "ஓரத்துக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அமுக்கிடுங்க்கா. நாங்க எல்லாம் அப்படித்தான் பண்றோம்."

அவள் சொன்னபடி அமுக்கினேன், தாண்டிவிட்டான். பெண்கள் கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டல் காதில் ஏறவில்லை. இத்தனை நாள் ஓரத்தில் அமுக்கினால் ஓரத்தில் தாவியவன், இப்போது ஏன் முன்னாலேயே அமுக்கச் சொல்கிறான்?

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது சாம்பிள் அலமாரியிலிருந்து பழைய சரக்குக் கட்டை ஒன்றை எடுத்து ஆடிப் பார்த்தேன். ஓரத்தில் அமுக்கினேன், தாண்டினான். பத்துத் தடவை ஆடினேன், பத்துத் தடவையும் தாண்டினான். புதுக் கட்டையில் பத்துத் தடவையும் விழுந்தான். ஸ்டோரில் விசாரித்தேன். நான் படுத்த மறுநாள் பொத்தானுக்கு அடியில் வைக்கும் ரப்பர் வேறு ஆளிடமிருந்து வந்திருக்கிறது. கொஞ்சம் தடிமன். விரலுக்குத் தெரியாது, கரண்ட் பார்க்கிற மீட்டருக்கும் தெரியாது, அமுக்கினால் வேலை செய்கிறது என்று மீட்டர் சொல்லும். கண் இமைக்கிற நேரம் தாமதமாக வேலை செய்கிறது என்பது அந்தப் பலகை ஓரத்தில் மட்டும்தான் தெரியும். அந்த ஓரத்தில்தான் எங்கள் பிள்ளைகள் கையைத் திருத்திக்கொண்டு ஜம்மென்று தாண்டிக்கொண்டிருந்தார்கள்! முதல் நாள் எல்லோரும் விழுந்திருக்கிறார்கள். கெட்டிக்காரி கவிதா வழி கண்டுபிடித்து மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இரண்டாம் நாளிலிருந்து யாரும் விழவில்லை. பெட்டி பெட்டியாக ஸ்டாம்ப் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் கவிதாவைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கேட் பக்கம் எல்லோரும் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை லாரி போவுதுங்க்கா. இது தெரிஞ்சா பன்னெண்டு பேரும் வீட்டுக்குத்தான். நான் திரும்பக் கல்லாவிக்குப் போயிக் களையெடுக்க மாட்டேங்க்கா. செத்தாலும் மாட்டேன்."

"அதுக்குன்னு கெட்ட சரக்க அனுப்பச் சொல்லுதியா?"

"வாங்கறவங்களும் ரெண்டு நாள்ல பழகிக்குவாங்க இல்லீங்களா?"

உண்மையைச் சொன்னால், அவள் சொல்வது சரியாகவே இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள் மீது எனக்கு அவ்வளவு பிரியம். ஆனால் சின்ன வயதுப் பாலத்தைத் தேடி வாங்குகிற ஒரு ஆள், இருபது வருஷம் கழித்து முதல் தடவை தாவுகிறான், விழுகிறான். நேற்று நான் நினைத்த மாதிரியே அவனும் நினைப்பான், கை போய்விட்டது என்று. அந்த வேதனை எனக்கு ஒரு நாள் பழசு. கவிதாவின் கையை விலக்கிவிட்டு நேராக நாகராஜப்பா அறைக்குப் போனேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு வழக்கம்போல, "நீங்க பார்த்தீங்க, சரி. ஆனா நீங்க உடம்பு சரியில்லாம வந்திருக்கீங்க. கை தப்பா, கட்டை தப்பான்னு எப்படி எழுதறது?" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. எழுந்து போய்ப் பழைய கட்டை ஐந்து, புதுக் கட்டை ஐந்து எடுத்து, நம்பர் தெரியாமல் பழுப்பு டேப் ஒட்டிக் கலைத்து மேஜையில் வைத்தார். எல்லோரையும் வரச்சொன்னார். என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் கண்ணை மூடி நின்றுகொண்டார்.

பத்துக் கட்டை ஆடினேன். ஐந்தில் தாண்டினான், ஐந்தில் விழுந்தான். விழும்போது ஒரு இறங்கு சத்தம் வரும், ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு விரலை மடக்கினார். டேப்பைப் பிரித்தார். விழுந்த ஐந்தும் புது ரப்பர். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கை நல்ல கைதான். ஆனால் அவர் கட்டைகளுக்கு மறுபடி டேப் ஒட்டிக் கலைக்க ஆரம்பித்தார்.

"கவிதா, நீ உட்காரும்மா. தினமும் எப்படி ஆடுவியோ அப்படியே" என்றார்.

கவிதாவுக்கு விஷயம் தெரியும். விரும்பினால் ஒவ்வொரு கட்டையிலும் பார்த்துப் பார்த்து ஆடி, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று காட்டிவிடலாம். அவ்வளவு திறமை அவளுக்கு உண்டு. என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துத் தினமும் ஆடுகிற வேகத்தில் ஆடினாள்.

ஐந்தில் விழுந்தாள். பாலத்தில் விழாத கவிதா, ஓரம் வருமுன் அமுக்கி, ஓரம் வருமுன் தாவி, ஐந்து தடவை விழுந்தாள். டேப்பைப் பிரித்தபோது அந்த ஐந்தும் நல்ல கட்டை. முன்னாடியே அமுக்கச் சொல்லி முதலில் சொன்னது யார் என்று நாகராஜப்பா கேட்டார்.

கவிதா எழுந்து நின்றாள். "நான்தாங்க சார். அக்கா கை சரியாத்தான் இருக்குது. எங்க கைதான் பழகிட்ச்சி."

"ஒரே நாள்ல பன்னெண்டு பேர் கையை மாத்திட்டே. இனி அதை மறக்க வைக்கறதும் உன் வேலை" என்று நாகராஜப்பா சொல்லிவிட்டுப் பச்சைப் பேனாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

மாடியில் நடந்தது பிறகு தெரிந்தது. மேலே இருந்தவர்கள் ஸ்டாம்ப் போட்ட பெண்களின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு ஸ்டாம்புக்கும் மேலே தன் கையெழுத்துதான் இருக்கிறது, தன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று நாகராஜப்பா சொன்னாராம். அறிக்கையில் "டெஸ்டிங் பிரிவு தவறவிட்டது" என்று எழுதாமல் "டெஸ்டிங் பிரிவு கண்டுபிடித்தது" என்று எழுதியிருந்தார். இரண்டும் உண்மைதான், அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு அந்த மனுஷன் மேல் இருந்த கோபமெல்லாம் அன்றோடு தீர்ந்தது.

லாரி அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. பெட்டியை எல்லாம் பிரித்து ரப்பர் மாற்றினோம். நாகராஜப்பா முதல் தடவையாக முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு எங்கள் நடுவில் உட்கார்ந்தார். திருகாணி கழற்றுவதில் அவர் மகா மந்தம். நாங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். அடுத்த வாரம் லாரி போனது. மூன்று பேர் நிரந்தரம் ஆனார்கள், முதல் பெயர் கவிதாதான், மற்றவர்களின் காண்ட்ராக்டும் நீண்டது. ஆர்டர் கைக்கு வந்த அன்று என்னிடம் காட்ட ஓடிவந்தவள், பேச முடியாமல் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன்.

அவர் கவிதாவுக்குக் கொடுத்த வேலை என்னவென்றால், எந்தப் பெண்ணும் தொடர்ந்து டெஸ்டிங்கில் இருக்கக் கூடாது. பத்து நாளைக்கு ஒரு தடவை இரண்டு நாள் பேக்கிங்குக்கோ ஸ்டோருக்கோ போக வேண்டும். திரும்பி வந்ததும் முதலில் நல்ல கட்டையில் ஆட வேண்டும், பிறகுதான் அன்றைய சரக்கில். நான் அம்மையில் படுத்ததால் தப்பு பிடிபட்டது என்று அந்த இரண்டு நாளுக்குப் பெண்கள் என் பெயரையே வைத்துவிட்டார்கள். "நாளைக்கு எனக்குப் பேச்சி" என்று சொல்லிவிட்டுப் பேக்கிங்குக்குப் போவார்கள். கழுதைகளா என்று ஒரு வாரம் திட்டினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

சரக்கு போன சந்தோஷத்தில் நாகராஜப்பா ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கேயோ தேடி அந்தப் பாலத்துப் படத்தின் சிடியைக் கொண்டுவந்து கேன்டீனில் போட்டார். நாங்கள் காத்துக்கொண்டே இருந்தோம். படம் முடியப்போகிற நேரத்தில் பாலம் வந்தது. தொப்பிக்காரன் விறுவிறுவென்று ஓடினான், தாண்டினான், தீர்ந்தது. ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்தப் பெண் அவன் பெண்டாட்டியும் இல்லையாம், வழியில் சந்தித்தவளாம். தினமும் நாற்பது தடவை அந்தப் பாலத்தைக் கடந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆட்டம்தான் நல்லா இருக்கிறது என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

பிறகு கட்டைக்குக் கிராக்கி குறைந்தது. கம்பெனி செல்போன் சார்ஜருக்கு மாறியது. நான் சார்ஜரை டெஸ்ட் செய்து ஓய்வு பெற்றேன். நாகராஜப்பா மாலூரில் இருக்கிறார், யுகாதிக்குப் போன் செய்வார். இப்போதும் "நல்லா இருக்கேன்னு தோணுது சார்" என்று நான் வேண்டுமென்றே சொல்வேன், அவர் சிரிப்பார்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, போன வாரம் போச்சம்பள்ளிக்குப் போனேன். கவிதா வாசலுக்கே வந்து அழைத்துப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் பெரிய டீவியில் ஆறு ஆட்டத்தையும் இறக்கிக் காட்டினார்கள். நான் முதலில் பார்த்தது ஏணியைத்தான். தொப்பிக்காரனின் கால் மறைந்து மறைந்து தெரிந்தது. பாஸ் என்றேன். பாலம் வந்தது, ஓரத்தில் அமுக்கினேன், தாண்டினான். கவிதாவின் பெண்கள் கை தட்டினார்கள், இந்தத் தடவை நன்றாகவே காதில் ஏறியது.

பிறகு டெஸ்டிங் பிரிவைச் சுற்றிக் காட்ட ஒரு பெண்ணை அனுப்பினாள். கவிதா பின்னால் வந்தாள். சுவரில் பெரிய பலகை, யார் யார் எந்த வேலை என்று கட்டம் கட்டமாக. கடைசிக் கட்டத்தின் தலையில் ஆங்கில எழுத்தில் நான்கைந்து எழுத்து. நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அது என்ன என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"அது பேச்சிங்க மேடம். ஜப்பான்ல கண்டுபிடிச்ச முறை. ஒரே வேலையைப் பார்த்துட்டே இருந்தா கை தப்புக்குப் பழகிடும். அதனால நடுவுல ரெண்டு நாள் வேற எடத்துக்கு அனுப்பிடுவாங்க" என்றாள் அவள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. முழுசாகச் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டேன். கவிதா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், அவள் தோள் குலுங்கியது.

சுற்றி முடிந்ததும் அந்தப் பெண் பார்வையாளர் நோட்டை நீட்டிப் பெயர் எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தவள் நோட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஜப்பான் இல்ல தாயி," என்றேன். "அருப்புக்கோட்டை."